நான்காவது உயிர்

“மூன்று பயணிகள். பயணம் இனிதாகட்டும்” என்று கார் சொன்னதுதான் தாமதம், நாச்சிமுத்து கதவைத் திறந்துகொண்டு கீழே இறங்கிவிட்டார்.

“ஏன்டா மாப்ள, இதுக்கு வாய மூடிக்கிட்டு இருக்கத் தெரியாதா? நல்ல காரியத்துக்குப் பொறப்படறப்ப மூணு மூணுன்னு கத்துது?”

பரிதி தலையில் கை வைத்துக்கொண்டான். அவனுக்கு முப்பத்தாறு வயது. தாளவாடியில் ஒரு வீட்டில் பெண் பார்த்து, பிடித்துப்போய், இன்றைக்கு உறுதி சொல்லப் போகிறார்கள். பின் இருக்கையில் பழத்தட்டை மடியில் வைத்துக்கொண்டு அவன் அக்கா தமயந்தி உட்கார்ந்திருந்தாள். அப்பா அம்மா போனபிறகு இரண்டு பேரையும் வளர்த்து ஆளாக்கியவர் தாய்மாமன் நாச்சிமுத்துதான். தனக்கென்று ஒரு குடும்பம் வைத்துக்கொள்ளாத மனிதர். அதனால் அவர் சொல்லுக்கு அந்த வீட்டில் மறுபேச்சு கிடையாது.

மூன்று பேராகப் போனால் காரியம் உருப்படாது என்பது அவர் கட்சி. நாலாவதாக ஒரு கல்லையாவது கூட எடுத்துக்கொள்ள வேண்டும். அவர் ஏற்கெனவே ஒரு கூழாங்கல்லைச் சட்டைப்பையில் போட்டுத்தான் வைத்திருந்தார். ஆனால் காருக்கு அது தெரியவில்லையே. வாய்விட்டு மூன்று என்றல்லவா சொல்கிறது!

“மாமா, அது மிஷினுங். அதுக்கென்ன சகுனம் தெரியும்?” என்றாள் தமயந்தி.

“நமக்குத் தெரியுமில்ல அம்முணி.”

மாட்டுக்கொட்டகைக் கதவுக்கு முட்டுக்கொடுத்திருந்த கருங்கல்லைத் தூக்கிக்கொண்டு வந்தார். தோளில் கிடந்த துண்டால் சுற்றி, தமயந்தியின் பக்கத்து இருக்கையில் வைத்து, பெல்ட்டை இழுத்து மாட்டினார்.

“நான்காவது இருக்கையில் குழந்தை இருக்கிறதா? உறுதி செய்யவும்” என்று கார் கேட்டது.

“ஆமா, ஆமா. கொழந்ததான். கெளம்பு.”

“நான்கு பயணிகள். பயணம் இனிதாகட்டும்.”

மாமாவின் முகத்தில் அப்படி ஒரு திருப்தி. தமயந்திக்கே சிரிப்பு வந்துவிட்டது. சத்தியமங்கலத்திலிருந்து கிளம்பிய கார், பண்ணாரி அம்மன் கோவிலில் ஒரு கும்பிடு போட மட்டும் நின்றுவிட்டு, திம்பம் மலைப்பாதையில் ஏறத் தொடங்கியது.

அந்தப் பாதையை அறிந்தவர்களுக்குத் தெரியும். இருபத்தேழு கொண்டை ஊசி வளைவுகள். முன்பெல்லாம் மேலிருந்து கரும்பு லாரி இறங்கினால், அது ஒவ்வொரு வளைவிலும் முன்னே பின்னே போய்த் திரும்பும்வரை கீழேயிருந்து வருகிறவர்கள் ஓரங்கட்டி நிற்க வேண்டும். இப்போது வண்டிகள் தாமே ஓடுவதால் யாரும் நிற்பதில்லை. லாரியும் காரும் பஸ்ஸும் ஒரே மூச்சில் ஏறின, இறங்கின.

முன்னால் போகிற பஸ்ஸின் பின்புறம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. மாமா காலால் தரையை அழுத்திக்கொண்டே வந்தார்.

“டே, ஒரு மொழம்கூட எடமில்லியே. அவன் பிரேக் போட்டான்னா?”

“போடறதுக்கு முன்னாடியே நம்ம வண்டிக்குச் சொல்லிப்போடும் மாமா” என்றான் பரிதி. “தடம்னு பேரு. மலை பூராவும் கம்பம் நட்டிருக்காங்க பாருங்க. ஓடற வண்டியெல்லாம் அது வழியாப் பேசிக்கிட்டே இருக்குது. நான் எங்க இருக்கறேன், எத்தன வேகத்துல வர்றேன், எப்பத் திரும்பறேன், எல்லாம். நம்ம கண்ணு சிமிட்டறதுக்குள்ள நூறு பேச்சுப் பேசி முடிச்சிரும்.”

“சரி, பேசுது. ரெண்டு வண்டியும் ஒரே எடத்துக்கு வந்துருச்சுன்னா? யாரு ஒதுங்கறது?”

“அதையும் தடம்தான் சொல்லும். வழக்கமா, எடத்துல மொதல்ல இருக்கறவன் இருப்பான், வர்றவன் ஒதுங்குவான். ஆனா உசுருக்கு ஆபத்துன்னா கணக்கு வேற. எந்த வண்டியில எத்தன உசுருன்னு பாக்கும். கொறச்சலா இருக்கற வண்டி ஒதுங்கோணும்.”

தமயந்தியின் சிரிப்பு அப்போதுதான் நின்றது. பக்கத்தில் துண்டு போர்த்தி, பெல்ட் மாட்டி, சமத்தாக உட்கார்ந்திருந்த கல்லைப் பார்த்தாள்.

“அப்ப நம்ம வண்டியில எத்தனைன்னு சொல்லுது?”

பரிதி கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்தான். அவனுக்கும் அப்போதுதான் உறைத்தது.

“மாமா, அந்தப் பெல்ட்டக் கழட்டிருங்க” என்றான். “மெட்ராசுல அரிசி மூட்டைக்குப் பெல்ட் போட்டு நாலு பேருன்னு சொன்னவன ஏழு வருஷம் உள்ள போட்டுட்டாங்க. பொய்யா உசுருக் கணக்குச் சொன்னா ஜாமீன்கூடக் கெடையாது.”

“அவன் சீக்கிரமாப் போறதுக்குச் சொன்னான். நான் சகுனத்துக்குச் சொன்னேன். ரெண்டும் ஒண்ணா?” மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது. “பாதி வழியில நாலு மூணாச்சுன்னா அதவிடக் கேடு. திம்பம் ஏறுனதும் எடுத்தரலாம். சும்மா வா.”

தமயந்தி பெல்ட்டில் கை வைத்தாள். மாமா திரும்பிப் பார்த்தார். பார்த்தார், அவ்வளவுதான். அவள் கையை எடுத்துவிட்டாள். அந்த நேரத்தில் அவள் கையை எடுக்காமல் இருந்திருக்கலாம் என்று எழுதுவது எனக்குச் சுலபம். ஆனால் நாற்பது வயதுக்கு மேலும் மாமாவின் பார்வைக்குப் பயப்படுகிற பெண்கள் நம் பக்கத்தில் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள்.

அதற்குள் வளைவு வந்துவிட்டது. முன்னால் போன பஸ் திரும்பி மேலே மறைந்தது. எதிரே கரும்பு லாரி ஒன்று இறங்கிக்கொண்டிருந்தது. ஆளில்லாத லாரி, கரும்பு வண்டிகளில் ஆள் வைப்பதை எப்போதோ நிறுத்திவிட்டார்கள். படாரென்று சத்தம் கேட்டது. லாரியின் முன் டயர் வெடித்து, அது குறுக்கே திரும்பி, கரும்பைக் கொட்டிக்கொண்டே இவர்களை நோக்கிச் சறுக்கியது.

லாரியின் வாலுக்கும் மலைச் சுவருக்கும் நடுவில் ஒரு கார் புகுகிற இடம் இருந்தது. அந்த இடத்தில் ஏற்கெனவே ஒரு வெள்ளைக் கார் இருந்தது. லாரிக்குப் பின்னால் இறங்கி வந்த கார்.

மனிதர்கள் ஓட்டியிருந்தால் அங்கே அலறலும் பிரேக்கும்தான் இருந்திருக்கும். இது தடம். யாரும் வாய் திறப்பதற்குள் எல்லாம் பேசி முடிந்திருந்தது. வெள்ளைக் கார் தானாகவே இடத்தைக் காலிசெய்து வலப்பக்கம் ஒடித்துக்கொண்டு, பள்ளத்தின் ஓரமிருந்த தடுப்புச் சுவரை நோக்கிப் போனது. இவர்களுடைய கார் அந்த இடத்துக்குள் பாய்ந்து, மலைச் சுவரில் உரசி நின்றது. லாரி கீழே போய்ச் சாலையைப் பாதி அடைத்துக்கொண்டு சாய்ந்தது. தடுப்புச் சுவர் உடைகிற சத்தமும், அதற்கப்புறம் தகரம் நசுங்குகிற சத்தமும் கேட்டன.

தமயந்தியின் மடியிலிருந்த பழங்கள் காரெல்லாம் உருண்டன. மூன்று பேருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

“விபத்து நிகழ்ந்துள்ளது. பயணிகளின் நிலை பார்க்கப்படுகிறது” என்றது கார். ஓடும்போது எடையையும் பெல்ட்டையும் மட்டும் பார்க்கிற இருக்கைகள், இப்போது நாடி பார்க்கத் தொடங்கின. “மூவர் நலம். நான்காவது பயணி, குழந்தை. நாடித்துடிப்பு இல்லை. யாரும் குழந்தையை அசைக்க வேண்டாம். பறக்கும் மருத்துவ ஊர்தி பண்ணாரியிலிருந்து புறப்பட்டுவிட்டது.”

தமயந்தி கதவைத் தள்ளிக்கொண்டு இறங்கி, சுவர் உடைந்த இடத்துக்கு ஓடினாள். பரிதியும் பின்னாலேயே ஓடினான்.

இரண்டாள் உயரத்துக்குக் கீழே, பாறைத் திட்டில் வெள்ளைக் கார் கவிழ்ந்து கிடந்தது. அதன் கதவுக்கடியில் ஒரு பெண் இடுப்புவரை மாட்டியிருந்தாள். இளவயதுக்காரன் ஒருவன் தோளைக் கொடுத்துக் காரைத் தூக்கிப் பிடித்திருந்தான். அவன் கால்கள் நடுங்கியது மேலிருந்தே தெரிந்தது. நெற்றியில் ரத்தம் வழிய இன்னொரு ஆள் அந்தப் பெண்ணின் தலையை மடியில் வைத்திருந்தார். பெண்ணின் சேலை முழுக்க ரத்தம்.

“மேல யாருங்க?” என்று அவர் கத்தினார். “என்ற சம்சாரத்துக்கு ரத்தம் நிக்க மாட்டேங்குது. ஊர்திக்குச் சொல்லுங்க! அதோட இரும்புக் கையில தூக்குனாத்தான் வண்டி அசையும்!”

“வருதுங்க, வருதுங்க!” என்று பரிதி கத்தினான். பிறகு கையிலிருந்த போனைக் கேட்டான். “ஊர்தி மொதல்ல எங்க வருது?”

“குழந்தைக்கு முன்னுரிமை” என்று போனிலிருந்து அதே குரல் சொன்னது. “அடுத்த ஊர்தி ஈரோட்டிலிருந்து வர வேண்டும்.”

“கொழந்தையே இல்லீங்க! அது கல்லு!” தமயந்தி போனைப் பிடுங்கிக் கத்தினாள். “கல்லு! கேக்குதா? இங்க வரச்சொல்லு!”

“உயிரை அறிவித்தவர் நாச்சிமுத்து. அவருடைய குரலில் மட்டுமே திரும்பப் பெற முடியும்.”

“என்றா சொல்லுது இது?”

“அப்படித்தான் அக்கா” என்றான் பரிதி. “மொதல்ல யாரு வேணும்னாலும் மாத்தலாம்னு வெச்சிருந்தாங்க. சொத்துத் தகராறுல ஒருத்தன் அண்ணன் வண்டியில ஆளே இல்லைன்னு மாத்திவிட்டான், தடம் அந்த வண்டிய ஒதுக்கிருச்சு. அதுக்கப்பறம் அடுத்தவன் சொல்லி ஒரு உசுர அழிக்க முடியாதுன்னு சட்டம் போட்டுட்டாங்க. மாமாதான் சொல்லோணும்.”

தமயந்தி காருக்குத் திரும்பி ஓடினாள். ஊர்தியின் இரைச்சல் பண்ணாரிப் பக்கமிருந்து கேட்கத் தொடங்கியிருந்தது.

மாமா பின் இருக்கையில் இருந்தார். வாழைத்தார் அறுக்கக் கொண்டுவந்த சூரிக்கத்தியால் பெல்ட்டை அறுத்துக்கொண்டிருந்தார்.

“மாமா, கீழ ஒரு பொம்பள சாகக் கெடக்கறா. ஒரு வார்த்த சொல்லுங்க. கொழந்த இல்லைன்னு சொல்லுங்க. உங்க வாயில வந்தாத்தான் அது கேக்கும்.”

“சொன்னா என்னாகும்னு உனக்குத் தெரியுமா அம்முணி? அவுங்க வண்டி உளுந்ததே இந்தக் கல்லாலதான்னு ஆயிரும். ஏழு வருஷமா? கொலக் கேசு! பரிதிக்கு எவன் பொண்ணு குடுப்பான்?” அவர் இன்னும் வேகமாக அறுத்தார். “கல்லக் காணோம்னா ஒரு கேசும் இல்ல. மிஷின் தப்பாச் சொல்லிருச்சுன்னு போயிரலாம்.”

“மாமா, வேண்டாமுங்!”

அவள் பிடிப்பதற்குள் பெல்ட் அறுந்துவிட்டது. அறுபது வயது மனிதருக்கு அவ்வளவு வேகம் எங்கிருந்து வந்ததோ, கல்லை அணைத்துத் தூக்கிக்கொண்டு நாலெட்டில் சாலையைக் கடந்து, சுவர் உடைந்த இடத்திலிருந்து தள்ளிப் போய், பள்ளத்தில் போட்டுவிட்டார். மூங்கில் புதர்களுக்குள் அது உருண்டு போகிற சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. மாமா மூச்சு வாங்கினார். முடிந்தது என்று நினைத்திருப்பார்.

கார் பேசியது. அந்தக் கார் மட்டுமல்ல. மேலே வளைவில் நின்ற பஸ், அதற்கும் மேலே நின்ற வேன், மலை முழுக்க நிறுத்தப்பட்டிருந்த அத்தனை வண்டிகளும் ஒரே குரலில் பேசின.

“குழந்தை ஒன்று வாகனத்திலிருந்து தூக்கியெறியப்பட்டுப் பள்ளத்தில் விழுந்துள்ளது. அருகில் உள்ளவர்கள் தேட உதவவும்.”

தலைக்கு மேலே வந்துவிட்ட ஊர்தி, கவிழ்ந்த வெள்ளைக் காரைத் தாண்டிக்கொண்டு, மூங்கில் காட்டுக்கு மேலே போய் விளக்கை அடித்துத் தேட ஆரம்பித்தது.

நம் ஜனங்களைப் பற்றி என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். ஆனால் ஒரு குழந்தை விழுந்துவிட்டது என்றால் அவர்கள் சும்மா இருப்பதில்லை. பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டுச் சரிவில் இறங்கினார்கள். ஒரு பெண் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வேரைப் பிடித்துத் தொங்கினாள். கண்டக்டர் பஸ்ஸிலிருந்து கயிற்றை எடுத்துக்கொண்டு ஓடினார். “கொழந்த இல்லீங்க! போகாதீங்க!” என்று தமயந்தி ஒவ்வொருவரையும் பிடித்து இழுத்தாள். பெற்றவள், பாவம், புத்தி கலங்கிவிட்டது என்று நினைத்து ஒரு வயசான அம்மா அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

உடைந்த சுவருக்கு மேலே ஒரு கை தெரிந்தது. நெற்றியில் ரத்தம் வழிந்த அந்த ஆள்தான். பாறையைப் பிடித்து மேலே ஏறி வந்துவிட்டார்.

“நான் மாதேசனுங்க, தாளவாடி” என்றார். தடுமாறிக்கொண்டே நேராக நாச்சிமுத்துவிடம் வந்தார். “எந்தப் பக்கமுங்க உளுந்துச்சு? இந்தக் காடு எனக்குப் பழக்கம்.”

மாமா ஓர் எட்டுப் பின்வாங்கினார்.

“உங்க சம்சாரத்த உட்டுட்டு எனத்துக்குங்க வந்தீங்க?” என்று பரிதி அழுகிற குரலில் கேட்டான்.

“அவதானுங்க போகச் சொன்னா. தம்பி வண்டியத் தாங்கிட்டிருக்கறான், நான் பொறுத்துக்கறேன், கொழந்தயப் பாரு மாமான்னா. எங்களுக்குக் கொழந்த இல்லீங்க.” மாதேசன் ரத்தத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு நாச்சிமுத்துவின் முகத்தைப் பார்த்தார். “அய்யா, பேரென்னங்க? சொல்லுங்க, கூப்புட்டுக்கிட்டே எறங்கறேன். சத்தம் கேட்டா அழுகும்.”

நாச்சிமுத்து அந்த ரத்தத்தைப் பார்த்தார். ஏதோ ஒரு பேரைச் சொல்லிவிட்டிருக்கலாம். ஒரு நொடி அவர் உதடு அதற்காகத் திறந்தது என்றுதான் தமயந்தி பிற்பாடு சொன்னாள்.

“பேரில்லீங்க” என்றார். அப்படியே சாலையில் உட்கார்ந்துவிட்டார். “கொழந்த இல்லீங்க சாமி. கல்லுங்க. மூணு பேரா வரக்கூடாதுன்னு நாந்தான் கல்ல எடுத்து வெச்சேன். கல்லுங்க அது!”

“நாச்சிமுத்துவின் அறிவிப்பு திரும்பப் பெறப்பட்டது” என்றது கார். மலை முழுக்க எல்லா வண்டிகளும் அதையே சொல்லின. காட்டுக்கு மேலே நின்ற ஊர்தி அந்த நொடியே திரும்பியது. “கணக்கு திருத்தப்படுகிறது. மேலே உள்ள வாகனம், உயிர்கள் மூன்று. கீழே உள்ள வாகனம், உயிர்கள் மூன்று. சம நிலையில், இடத்தில் முதலில் இருந்த வாகனம் நீடிக்கும். ஒதுங்கியிருக்க வேண்டியது மேலே உள்ள வாகனம். பதிவு செய்யப்பட்டது.”

குரலில் கோபமில்லை, வருத்தமில்லை. திருத்தம் சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டது. சரிவில் இறங்கியவர்கள் இறங்கிய இடத்திலேயே நின்று திரும்பிப் பார்த்தார்கள். எல்லாருடைய கண்ணும் நாச்சிமுத்துவின் மேல் இருந்தது.

மாதேசனும் பார்த்தார். அடிப்பார் என்று பரிதி நினைத்தான். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் கண்டக்டரின் கையிலிருந்த கயிற்றைப் பிடுங்கி ஒரு முனையை நாச்சிமுத்துவின் மேல் எறிந்தார்.

“புடிங்க” என்றார். “எறங்கோணும்.”

ஊர்தியின் கை காரைத் தூக்கியது. நாச்சிமுத்து கயிற்றை உள்ளங்கை கிழியப் பிடித்திருக்க, மாதேசனும் தமயந்தியும் இறங்கிப்போய் அந்தப் பெண்ணை இழுத்தெடுத்தார்கள். ரத்னம்மா என்று பெயர். உடம்பு அவ்வளவு சில்லென்று இருந்தது. தமயந்தி தன் சேலைத் தலைப்பைக் கிழித்துத் தொடையில் இறுக்கிக் கட்டினாள். துணி நனைந்துகொண்டே இருந்தது.

ஊர்தியின் தொட்டிலில் படுக்கவைத்தபோது ரத்னம்மா கண்ணைத் திறந்தாள். யாரையோ தேடினாள். கணவனின் முகம் தெரிந்ததும் உதடு அசைந்தது.

“கொழந்த கெடச்சுதா?”

தமயந்தி வாயைப் பொத்திக்கொண்டாள். மாதேசன் மேலே நிமிர்ந்து, கயிற்றைப் பிடித்து நின்ற நாச்சிமுத்துவைப் பார்த்தார். பிறகு குனிந்து மனைவியின் நெற்றியிலிருந்த முடியை ஒதுக்கிவிட்டார்.

“கெடச்சுருச்சு புள்ள” என்றார். “ஒண்ணும் ஆகல. நல்லாருக்குது.”

அவள் சிரித்தாள். தொட்டில் மூடிக்கொண்டது. ஊர்தி எழும்பிப் பண்ணாரிப் பக்கமாகப் பறந்து போவதை எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அது கண்ணிலிருந்து மறைவதற்கு முன்பே, மலையில் நின்ற வண்டிகள் எல்லாம் கீழே கிடந்த காரின் கணக்கை மறுபடியும் திருத்தி, நாடித்துடிப்பு இல்லை, உயிர்கள் இரண்டு என்று சொல்லிவிட்டு, ஒவ்வொன்றாக நகரத் தொடங்கின.